ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே துருப்பிடித்த கம்பி: பழைய வீடு வாங்கி ஏமாந்தவருக்குச் சட்டத்தில் என்ன வழி?

கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஆசிரியை. கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஊரில், 1991-ல் கட்டிய வீடு ஒன்றை 2025 மே மாதம் வாங்கியிருக்கிறார்கள். பேசி முடித்த விலை 62 லட்சம். பத்திரத்தில் எழுதியது 41 லட்சம். மீதி 21 லட்சம் ரொக்கமாகக் கைமாறியிருக்கிறது. வங்கிக் கடன் 30 லட்சம். வாங்கும்போது வீடு முழுக்கப் புது பெயிண்ட். ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் புத்தம் புது ஃபால்ஸ் சீலிங். "அழகுக்காகப் போட்டோம்" என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் சொன்ன குரல் பதிவு இன்னும் ஃபோனில் இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. படுக்கையறை ஃபால்ஸ் சீலிங் ஊறி, ஒரு துண்டு கீழே விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே கான்கிரீட் பெயர்ந்து, கம்பியெல்லாம் துருவேறி வெளியே தெரிகிறது. இரண்டு மூன்று இடங்களில் முன்பே சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்ட தடம். பின்பக்கச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம், அதாவது ஈரக்கசிவு. "இந்தத் தெருவில் தண்ணீரே நிற்காது" என்று விற்றவர் சொன்னதற்கு மாறாக, காம்பவுண்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். சொத்து வரி வேறு மூன்று வருட பாக்கி. இதையெல்லாம் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அந்த ரூம்ல காரை பெயர்ந்து அவங்க அம்மா கட்டில் மேல விழுந்துச்சே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறார்.

விற்றவர் ஓய்வு பெற்றவர். இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறார். ஃபோனில் கேட்டதற்கு, "முப்பது வருஷ வீடும்மா. பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்று சொல்லி வைத்துவிட்டார். கூரைத் தளத்தைச் சரிசெய்ய எட்டு லட்சமாவது ஆகும் என்கிறார் மேஸ்திரி. கிரயத்தையே ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது வாசகியின் விருப்பம். கணவர் போலீஸில் 420 கொடுக்கச் சொல்கிறார். தம்பி நுகர்வோர் நீதிமன்றம் என்கிறார். மைத்துனரோ, "பதிவு முடிஞ்சா முடிஞ்சதுதான்" என்கிறார். யார் சொல்வது சரி, அதுவரை வங்கித் தவணை கட்டுவதை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் சட்டமெல்லாம் பிறகு என்று தோன்றியது. "இப்போதும் அந்த அறையில்தான் நானும் பிள்ளைகளும் தூங்குகிறோம், அதில்தான் ஏசி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே அந்த அறையைக் காலி செய்யுங்கள். கம்பி வெளியே தெரியும் தளம் எப்போது எந்த இடத்தில் பெயரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபால்ஸ் சீலிங் பலகை ஒரு கான்கிரீட் துண்டைத் தாங்காது. ஓர் இன்ஜினியரை அழைத்து, அவர் சொல்லும் இடங்களில் இரும்பு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுங்கள். மற்ற இரண்டு இடங்களிலும் ஃபால்ஸ் சீலிங்கை ஒரு ஓரத்தில் மட்டும் திறந்து நிலைமையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று: எதையும் முழுதாகப் பிரித்து எறிந்துவிடாதீர்கள். மேஸ்திரி "நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றால் பொறுக்கச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான இடத்தில் முட்டு வைப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு. முட்டு இன்றைக்கே வேண்டும். பழுது பார்ப்பதைச் சில வாரம் தள்ளிப் போடலாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது.

மைத்துனர் சொல்வது எவ்வளவு சரி?

பாதி சரி. பழைய வீடு வாங்குகிறவர் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய குறைகளுக்கு, பிறகு விற்றவரைப் பிடிக்க முடியாது. கதவு தேய்ந்திருக்கிறது, தரையில் வெடிப்பு இருக்கிறது, போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பதெல்லாம் அந்த வகை.

மறைந்திருக்கும் குறைகளுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவில், விற்பவருக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறது. சொத்தில் முக்கியமான ஒரு குறை இருக்கிறது. அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இப்படி இருந்தால் விற்பவர் அதை வாய்திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடிக்குச் சமம் என்று அதே பிரிவின் கடைசிப் பத்தி சொல்கிறது. இந்தக் கடமை பத்திரப் பதிவோடு காலாவதியாகிவிடுவதில்லை.

இந்தப் பிரிவு "மாறான ஒப்பந்தம் இல்லாதபோது" என்றுதான் தொடங்குகிறது. அதனால் உங்கள் கிரயப் பத்திரத்தையும், அதற்கு முன் போட்ட அக்ரிமெண்டையும் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். "சொத்தை நேரில் பார்வையிட்டு, உள்ளது உள்ளபடி திருப்தியடைந்து" என்ற மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார். தெரிந்தே மூடி மறைத்த ஒருவரை அந்த வரி காப்பாற்றிவிடாது. ஆனாலும் உங்கள் வக்கீல் அதற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

உங்கள் குறைகளை ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம்

நீங்கள் நான்கு குறைகளை ஒரே கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் நான்கையும் தனித்தனியாகத்தான் எடை போடும்.

தளம்தான் உங்கள் பலமான புள்ளி. கடலோர ஊர்களில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த இரும்பு முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் கீழ்ப்பக்கக் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. இது ஆறு மாதத்தில் நடக்கிற காரியமில்லை, பல வருட வேலை. நீங்கள் மே மாதம் வாங்கி, அக்டோபரில் பார்க்கிறீர்கள். ஆகவே நீங்கள் வாங்கிய அன்றே அது அப்படித்தான் இருந்தது என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளரால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏற்கெனவே ஒட்டுப் போட்ட தடம் இருப்பதால், யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள் என்பதும் தெளிவு.

இங்கே இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, செய்கிற ஒரு வேறுபாடு உங்களுக்குப் பெரிய உதவி. விற்பவர் வெறுமனே பேசாமல் இருந்து ஏமாற்றினால், "நீங்கள் கொஞ்சம் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று அவர் வாதாட 19-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு குறையை வேண்டுமென்றே மூடி மறைப்பது 17-வது பிரிவில் தனி வகை மோசடி. அப்படி மறைத்தவர் "நீ ஏன் தேடிப் பார்க்கவில்லை" என்று கேட்டுத் தப்பிக்க முடியாது. பழுதான தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு விற்றது வெறும் மௌனமா, மூடி மறைத்ததா? பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வது உண்மையானால், என் பார்வையில் அது மூடி மறைத்ததுதான். "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று அவர் கேட்டதற்கும் இதுவே பதில். பார்க்க முடியாதபடி செய்த பிறகு அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை.

தெருவில் தண்ணீர் நிற்பது நடுத்தரமான புள்ளி. "தண்ணீரே நிற்காது" என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பொய் அது. ஆனால் நாலு வீடு தள்ளி விசாரித்திருந்தாலே தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதிலும் நியாயம் இருக்கிறது. 2015 வெள்ளத்தையும் 2024-ல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த மாவட்டம் உங்களுடையது. வாங்குகிறவர் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி எதிர்பார்க்கலாம். அவர் சொன்னது எழுத்திலோ குரல் பதிவிலோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இதைத் துணைப் புள்ளியாக மட்டும் வையுங்கள்.

ஓதம் பலவீனமானது. வாங்கும்போதே பின்பக்கச் சுவரில் கறை தெரிந்தது, புரோக்கர் "பழைய வீடுன்னா அப்படித்தான்" என்று சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்த குறை அது. இதற்காக நஷ்டஈடு கேட்டால், உங்கள் நல்ல வழக்கும் சேர்ந்து நீர்த்துப்போகும். விட்டுவிடுங்கள்.

சொத்து வரி பாக்கி சின்ன விஷயம், சண்டையே தேவையில்லை. கிரயத் தேதி வரையிலான வரிகளைக் கட்டுவது விற்றவரின் கடமை என்று அதே 55-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொண்டு, நோட்டீஸில் கேளுங்கள்.

வில்லங்கச் சான்று, வங்கி வக்கீல், வங்கி இன்ஜினியர்

"எல்லாம் சரிபார்த்துத்தானே வாங்கினோம்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சரிபார்த்ததெல்லாம் காகிதம். வில்லங்கச் சான்றில் அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம், செட்டில்மெண்ட் போன்றவைதான் வரும். தளத்தின் பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வங்கி வக்கீல் பார்த்தது உரிமையை. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தது, கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்க. நிலத்தின் மதிப்பே கடனைத் தாண்டினால் அவர் ஃபால்ஸ் சீலிங்கைத் தூக்கிப் பார்க்க மாட்டார். வங்கியின்மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. அவருடைய அறிக்கையின் நகலை மட்டும் வங்கியில் எழுதிக் கேளுங்கள். கட்டடத்தின் வயது, நிலை பற்றி அன்றைய தேதியில் என்ன எழுதினார் என்பது உங்களுக்கு உதவலாம்.

பத்திரத்தில் "பின்னிட்டு ஏதேனும் வில்லங்க விவகாரம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்" என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருப்பதால் தளத்தின் செலவையும் அவர் ஏற்க வேண்டும் என்று நம்புகிறீர்கள். அந்த வாசகம் சொத்தின் உரிமை பற்றியது. பங்காளி வழக்கு, பழைய அடமானம் மாதிரி ஏதாவது வந்தால் அது கைகொடுக்கும். கட்டடக் குறைக்கு உங்கள் ஆதாரம் அந்த வரி இல்லை. நான் மேலே சொன்ன 55-வது பிரிவு.

நம் ஊரில் இது எனக்குத் தீராத வருத்தம். மூலப்பத்திரம் பார்க்க வக்கீலுக்குப் பணம் கொடுக்கிறோம், வாஸ்து பார்க்கவும் கொடுக்கிறோம். அறுபது லட்சம் போட்டு வாங்கும் கட்டடத்தைத் தட்டிப் பார்க்க ஓர் இன்ஜினியருக்குச் சில ஆயிரம் கொடுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதைப் படிக்கிற வேறு யாராவது அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவராக இருக்கலாம்.

அவருக்குத் தெரியும் என்பதை எப்படி நிரூபிப்பது?

தளம் எவ்வளவு மோசம் என்பதைக் காட்டுவது சுலபம். கஷ்டமானது, விற்றவருக்கு அது முன்பே தெரியும் என்பதைக் காட்டுவது. நீதிமன்றத்தில் அவர் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடலாம்: "எனக்கு ஒன்றும் தெரியாது, மகன் அழகுக்காகச் சீலிங் போட்டான்." நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்குத்தான் எதையும் பிரித்து எறியாதீர்கள் என்றேன்.

முதலில் ஒரு தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வமான அறிக்கை. மேஸ்திரியின் வாய்மொழி மதிப்பீடு போதாது. அறிக்கையில் ஐந்து விஷயம் கட்டாயம் வர வேண்டும்: பழுதுக்கு என்ன காரணம், அது எத்தனை காலமாக இருந்திருக்க வேண்டும், ஒட்டுப் போட்ட இடங்களும் ஃபால்ஸ் சீலிங்கும் எவ்வளவு பழையவை, சரிசெய்ய என்ன வழி, எவ்வளவு செலவு. மேலே கம்பி பல வருடத் துருவோடு இருக்க, அதற்குக் கீழே தொங்கும் சீலிங் சட்டம் பளபளவென்று இருந்தால், அந்த ஒரு படமே நிறையப் பேசும். கான்கிரீட்டின் வலிமையையும் அதில் ஏறியிருக்கும் உப்பின் அளவையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. தேவையென்றால் அவரே சொல்வார். பெயர்ந்து விழுந்த துண்டுகளைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஆட்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டவர் யார், முன்பு ஒட்டுப் போட்ட மேஸ்திரி யார்? சின்ன ஊரில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சீலிங் போட்டவர் மேலே இருந்த தளத்தைப் பார்க்காமல் அந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது. "சார், மேல கம்பி தெரியுதே" என்று அவர் விற்றவரிடம் சொன்னாரா என்பதுதான் உங்கள் வழக்கின் முக்கியமான ஒற்றைக் கேள்வி. பக்கத்து வீட்டுப் பெரியவரின் வார்த்தைக்கு நிறைய மதிப்பு உண்டு. ஆனால் அவர் பல வருடம் விற்றவரோடு பழகியவர். வற்புறுத்தாதீர்கள். "தேவைப்பட்டால் இதைச் சொல்வீர்களா ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஃபோன். அந்தக் குரல் பதிவும், விற்பனைக்கு அனுப்பிய படங்களும் இருக்கும் ஃபோனை மாற்றாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வக்கீல் தயார் செய்துகொடுப்பார். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

கிரயத்தை ரத்து செய்ய வேண்டுமா?

முடியுமா என்றால், சட்டத்தில் இடம் இருக்கிறது. மோசடியால் ஏற்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தைக் கேட்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து இது நடக்காது. நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பத்திரம் எழுதவும் முடியாது. ஆனால் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து.

ரத்து என்றால் இரண்டு பக்கமும் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். வீட்டை நீங்கள் கொடுக்க வேண்டும், பணத்தை அவர் கொடுக்க வேண்டும். எந்தப் பணத்தை? பத்திரத்தில் இருப்பது 41 லட்சம். 21 லட்சத்துக்கு உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 41 லட்சத்துக்குக் கட்டிய 3 லட்சத்து 69 ஆயிரத்தை அரசு திருப்பித் தராது. விற்றவரிடம் நஷ்டஈடாகத்தான் கேட்க வேண்டும். வழக்கு நடக்கும் வருடங்களில் வங்கிக்கு அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்கவும் முடியாது, நிம்மதியாகப் பழுது பார்த்துக் குடியிருக்கவும் முடியாது.

ரொக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று புரோக்கர் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். செய்கிறார்கள்தான். ஆனால் சிக்கல் வரும் நாளில் அந்தத் தொகைக்குச் சட்டத்தின் துணை கிடைப்பதில்லை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. ஒரு வழக்கில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டால், அந்த நீதிமன்றம் வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஆக, 62 லட்சத்தையும் கேட்டு வழக்குப் போட்டால் 21 லட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களுக்கு வரும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டியதால் முத்திரைத் தீர்வைப் பிரச்சினையும் வரும்.

பயப்பட வேண்டாம். கணவர் வங்கி வழியாக அனுப்பிய பணத்தை எடுத்துத்தான் கொடுத்தீர்கள் என்றால், மூலத்தைக் காட்ட உங்களால் முடியும். அந்த வங்கிக் கணக்கு விவரங்களோடு ஓர் ஆடிட்டரை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நீதிமன்றத்தில் விலையைப் பற்றி யாராவது கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதற்குத் தயாராகத்தான் போக வேண்டும். "வழக்குப் போட்டால் ரொக்கத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவேன்" என்று விற்றவர் மிரட்டக்கூடும். அந்த ரொக்கத்தை வாங்கியவர் அவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நான் சொல்லும் வழி, வீட்டை வைத்துக்கொண்டு, தளத்தைச் சரிசெய்யும் செலவை நஷ்டஈடாகக் கேட்பது. இங்கே உங்கள் கணக்கு பொறியாளரின் மதிப்பீட்டில் தொடங்குகிறது. கிரயத் தொகை எவ்வளவு என்ற பேச்சு மையத்துக்கு வராது. பழுது பார்க்கும் காலத்தில் வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை, பொறியாளரின் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். முழுத் தொகையும் கிடைத்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். முப்பது வயதைத் தாண்டிய தளத்துக்குப் பதில் புதுத் தளம் கிடைக்கிறதே என்று நீதிமன்றம் ஒரு பகுதியைக் கழிக்கலாம். எட்டு லட்சம் செலவில் ஐந்து லட்சத்துக்கு அவர் சமரசம் பேச வந்தால், கோபத்தை ஒதுக்கிவைத்து அதை யோசிக்கத்தான் வேண்டும்.

போலீஸும் நுகர்வோர் ஆணையமும்

மோசடிக்கான பழைய 420-வது பிரிவு, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 318-வது பிரிவு. புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். வெறும் கட்டடக் குறை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். சிவில் தகராறுக்குக் குற்ற வழக்குச் சாயம் பூசக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. சீலிங் போட்டவரின் வாக்குமூலம் கையில் கிடைத்தால் நிலைமை மாறும். அதுவரை கணவரைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். விற்றவரை ஃபோனில் மிரட்டுவதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவரைப் பற்றி எழுதுவதும் வேண்டவே வேண்டாம்.

தம்பி சொன்ன நுகர்வோர் ஆணையம் உங்களுக்குப் பொருந்தாது. கட்டுமான நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் அது சேவை, அங்கே போகலாம். தன் சொந்த வீட்டை விற்கும் தனிமனிதர் உங்களுக்குச் சேவை எதையும் விற்கவில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடப் பொறுப்பு இருப்பதாக எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அது திட்டத்தை உருவாக்கி விற்கும் நிறுவனங்களுக்கு. 1991-ல் கட்டிய தனி வீட்டின் மறுவிற்பனைக்கு வராது.

இனி எப்படி நகர்வது?

பொறியாளர் அறிக்கை கைக்கு வந்ததும் வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அறிக்கையின் நகலை இணைத்து, "இன்ன தேதிக்குள் நீங்களோ உங்கள் பொறியாளரோ வந்து பார்க்கலாம், அதற்குப் பிறகு பழுது வேலையைத் தொடங்குகிறோம்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் அவகாசம் போதும். இந்த அழைப்பு மிக முக்கியம். நாளை அவர் "என்னைக் கேட்காமலே இடித்துவிட்டு இல்லாத குறையைச் சொல்கிறார்கள்" என்று சொல்ல முடியாமல் போகும். வேலையை அதுவரை தள்ள முடிந்தால், வழக்குப் போட்ட கையோடு, நீதிமன்றத்தின் சார்பில் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்வையிடக் கேட்கலாம். அவருடைய அறிக்கைக்குக் கூடுதல் மதிப்பு. மழைக்காலம் நெருங்கினால் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் வீடியோ எடுத்து, எல்லாப் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் வாங்கி, வேலையை முடியுங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் உடனே வழக்கு என்று இல்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அவரை அழைக்கச் சொல்லலாம், கட்டணம் கிடையாது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஆசிரியைக்குக் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வழக்குத்தான் என்றால், தமிழ்நாட்டில் நஷ்டஈட்டு வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 24 ஆயிரம். நடுவில் சமரசமாகிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழி உண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தவர்களுக்கும் அந்தச் சலுகை பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காலக்கெடு மூன்று வருடம். மோசடி என்றால் அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்படும். அந்தக் கணக்கில் 2028 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு கிரயத் தேதியிலிருந்து எண்ணச் சொல்லும். அந்தச் சண்டையே வேண்டாம். 2028 மே மாதத்தைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் வயதானவர் என்பதும் ஒரு காரணம். அவர் காலமானாலும் அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகள் மேல் வழக்கு நடத்தலாம். ஆனால் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை அவர்களிடம் குறுக்கு விசாரணையில் கேட்க முடியாது.

தவணை கட்டுவதை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதம் தவறினால் கணக்கு வாராக்கடனாகி, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் நடவடிக்கை தொடங்கலாம். தளம் பழுது பார்க்கப் பணம் போதவில்லையென்றால், இதே வங்கியில் கூடுதல் கடன் கேட்டுப் பாருங்கள்.

புரோக்கரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கும் தளத்தின் நிலை தெரியுமா என்பது இன்னும் தெரியவில்லை. உங்களிடம் கமிஷன் வாங்கியவர் என்பதால் அவர் செய்தது சேவை. தெரிந்தே மறைத்தார் என்றால் அவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். சீலிங் போட்டது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.